கம்பியில் துரு: கான்கிரீட்டை உடைக்காமல் அறிதல்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலோர ஊர்களில், வீட்டு சன்ஷேடின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து, பழுப்பேறிய கம்பி வெளியே தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரை விழுந்த அன்று அந்தத் துரு தொடங்கியதில்லை. உள்ளே பல ஆண்டுகள் வளர்ந்த பிறகே அது நம் கண்ணில் படுகிறது. துருவானது, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், அந்த நெருக்குதல் தாங்காமல் கான்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பதற்கு முன்பே அதைக் கண்டுகொள்ளும் வழியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பி.எச். அளவு 12.5-க்கும் மேலே இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகிக் காவலாக நிற்கிறது. கடற்காற்றோடு வரும் உப்பின் குளோரைடு கம்பி வரை ஊறிச் சென்றாலும், காற்றிலுள்ள கரியமிலவாயு காரத்தைக் குறைத்துவிட்டாலும் படலம் குலைந்துவிடும். அதன் பின் கம்பியின் ஓரிடம் கரைய, மற்றோரிடத்தில் ஈரமும் ஆக்சிஜனும் வினைபுரிய, இரண்டுக்கும் இடையே சிறு மின்னோட்டம் பாய்கிறது. துரு மின்வேதி வினை என்பதால்தான் அதை வெளியிலிருந்தே மின்னழுத்தமாக அளக்க முடிகிறது.

அரைமின்கலச் சோதனை என்று பெயர் பெற்ற இந்த முறைக்கு வேண்டிய கருவி எளியது. ஒரு குழாயில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலும் அதற்குள் ஒரு செம்புத் தண்டும் இருக்கும். குழாயின் நுனியில் ஈரப் பஞ்சு. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியோடும் மறு முனையைச் செம்புத் தண்டோடும் இணைத்து, பஞ்சைக் கான்கிரீட்டின்மேல் வைத்தால் மில்லிவோல்ட் கணக்கில் ஓர் எண் தெரியும். அது கழித்தல் 200-ஐவிட நேர்ப்பக்கம், அதாவது சுழியை நோக்கி, இருந்தால், அவ்விடத்தில் துரு இல்லாதிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புண்டு. கழித்தல் 350-ஐயும் தாண்டிக் கீழே போனால், துரு நடந்துகொண்டிருக்க அதே அளவு வாய்ப்புண்டு. இடைப்பட்ட எண்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கம்பியோடு இணைப்புக் கொடுக்க ஓரிடத்திலாவது சிறிது கொத்தித்தான் ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடற்கரைக்கு அருகிலிருந்த ஒரு பழைய கட்டடத்தின் மாடித் தளத்தில், சாக்பீஸால் அரை மீட்டர் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு மூலையிலும் பஞ்சை வைத்து அளந்தோம். வெடிப்பு தெரிந்த ஓரத்தில் கழித்தல் 400-க்கும் கீழே எண்கள் வந்தன; அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தோம். ஆனால் நடுவில், மேற்பரப்பு வழவழவென்று ஒரு கீறல்கூட இல்லாதிருந்த இடத்திலும் அதே எண்கள் வந்தன. சந்தேகம் தீர அங்கே ஒரு சாண் அகலம் கொத்திப் பார்த்தபோது, கம்பியின் முறுக்கு வரிகள் மழுங்கி, தொட்ட விரலில் துருப்பொடி ஒட்டியது. வெளித்தோற்றத்தை நம்பி ஓரத்தை மட்டும் பூசியிருந்தால் அந்த நடுப்பகுதி அப்படியே விடுபட்டிருக்கும்.

ஆயினும் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் பாலத்தூணில், ஆக்சிஜன் கிடைக்காத காரணத்தாலேயே, துரு பெரிதாக இல்லாமலும் எண் மிகவும் இறங்கிக் காட்டும். எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள் எண் சட்டென்று மாறுகிற இடத்தையே நான் முதலில் கவனிப்பேன். கான்கிரீட்டின் மின்தடையையும் கூடவே அளந்தால் ஐயம் பெருமளவு குறையும். தடை குறைவாக இருந்தால் துரு விரைந்து பரவ வழியுண்டு.

துரு எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பதை அரைமின்கலம் சொல்லாது. அதற்குக் கம்பிக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து அளக்கும் வேறு முறை இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 11.6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) ஆழத்துக்கு இரும்பு கரைகிறது என்று பொருள்.

உங்கள் குடியிருப்பில் இந்தச் சோதனை நடந்தால், 'துரு இருக்கிறது' என்ற ஒரு வரி அறிக்கையோடு நின்றுவிடாமல், கட்டம் போட்ட வரைபடத்தையும், அளந்த நாளையும், அன்று தளம் ஈரமாக இருந்ததா காய்ந்திருந்ததா என்ற குறிப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கட்டங்களில் மறுபடி அளக்க வருபவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.