பக்கத்தைத் திருப்பும் முன் எழுதுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நர்சிங் படிக்கிற பிள்ளை இருந்தால், வார்டு போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி பெறும் நாட்களில், ராத்திரி உட்கார்ந்து என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பாருங்கள். லாங் சைஸ் நோட்டு, ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள், சிவப்பு மையில் தலைப்பு. பக்கத்திலேயே சீனியர் அக்காவின் போன வருட நோட்டும் திறந்திருக்கும். அதற்குப் பெயர் கேர் பிளான். நோயாளிக்கு என்ன பிரச்சினை, நர்ஸ் என்ன செய்ய வேண்டும், செய்ததில் பலன் கிடைத்ததா என்று பார்த்து, யோசித்து எழுத வேண்டிய ஏடு. ஆனால் நோயாளியின் வயதும் படுக்கை எண்ணும் மாறும், மற்றதெல்லாம் அக்கா எழுதியதுதான். 'காய்ச்சல் இருக்கிறது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும், காய்ச்சல் குறைந்தது' என்று மூன்று கட்டமும் ஒரே ராத்திரியில் நிரம்பிவிடும். துடைப்பதற்கு முன்பே காய்ச்சல் குறைந்துவிடுகிறது!

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நோட்டு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆசிரியர்களாகிய நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். அதனால்தான் கேர் பிளானுக்குத் துணையாக, கேஸ் ஸ்டடி பயிற்சிப் புத்தகம் பற்றி இன்று பேசலாம் என்று வந்தேன்.

இது எப்படி இருக்கும்? ஒரு நோயாளியின் கதை, டிவி சீரியல் மாதிரி முக்கியமான இடத்தில் நின்றுவிடும். கீழே கேள்வி, எழுத வெற்றிடம். எழுதிய பிறகுதான் அடுத்த பக்கம்.

ஒரு டெங்கு கேஸை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் 19 வயதுப் பையன், காய்ச்சல் தொடங்கி நான்காவது நாள். இன்று காலை காய்ச்சல் இல்லை, 98.6 டிகிரி. "ஜுரம் விட்டுடுச்சும்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று அவன் அம்மா கேட்கிறார். ராத்திரியிலிருந்து மூன்று முறை வாந்தி, வயிற்றுவலி. நாடி 118. ரத்த அழுத்தம் 100-க்கு 80. கேள்வி இவ்வளவுதான்: அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் எழுதுவது, 'காய்ச்சல் இல்லை, பிரஷர் நார்மல், டாக்டரைக் கேட்டு அனுப்பலாம்'. சரி, திருப்புங்கள். இரண்டாம் பக்கத்தில் கை கால் ஜில்லிட்டிருக்கிறது. விடிந்ததிலிருந்து சிறுநீர் போகவில்லை. ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் பி.சி.வி. 40-லிருந்து 48-க்கு ஏறியிருக்கிறது, பிளேட்லெட் இறங்கியிருக்கிறது.

இங்கேதான் வகுப்பு விழித்துக்கொள்ளும். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் விடும் நேரத்தில்தான். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிய, உள்ளே ரத்தம் கெட்டியாகிறது. உடம்பு விட்டுக்கொடுக்காமல் குழாய்களை இறுக்கிப் பிடிப்பதால் மேல் அளவு 100-லேயே நிற்கும், கீழ் அளவு 80-க்கு ஏறிவிடும். இரண்டுக்கும் இடைவெளி, அதாவது பல்ஸ் பிரஷர், 20. அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே, டெங்குவில் அது ஷாக், உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலை. 'நார்மல்' என்று எழுதிய எண்ணுக்குள்ளேயே ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. இதையே பாடமாக நடத்தினால் தலையாட்டுவார்கள், தேர்விலும் எழுதிவிடுவார்கள். தானே ஒருமுறை 'அனுப்பலாம்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள், அடுத்த முறை கழித்துப் பார்க்காமல் பிரஷரைக் குறிக்கமாட்டாள்.

அடுத்த கேள்வி எனக்குப் பிடித்தது. 'டாக்டருக்குத் தெரிவிக்கவும்' என்று எல்லா கேர் பிளானிலும் ஒரு வரி இருக்கும். இந்தப் புத்தகத்தில் அது செல்லாது. போனில் என்ன சொல்வாய், அந்த வார்த்தைகளை அப்படியே எழுது என்று கேட்கும். "சார், நாலாம் நாள் டெங்கு பேஷன்ட், பல்ஸ் பிரஷர் 20, கை ஜில்லுன்னு இருக்கு, காலையிலிருந்து யூரின் போகலை, உடனே வந்து பாருங்க." இதை ஒரு தடவையாவது எழுதிப் பார்க்காத பெண், நிஜ ராத்திரி டியூட்டியில் "சார், பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

மூன்றாம் பக்கம், இரண்டு நாள் கழித்து. பையன் தேறிவிட்டான், அன்று ஏற்றத் தொடங்கிய டிரிப் அதே வேகத்தில் ஓடுகிறது. "படுத்தா மூச்சு முட்டுது" என்கிறான். கசிந்த நீர் இப்போது ரத்தக் குழாய்க்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது, மேலே நாமும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். முன்பு உயிரைக் காத்த டிரிப்பே இப்போது நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். கேர் பிளானில் 'டிரிப் தொடரவும்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும் விஷயம் இது.

வார்டிலேயே கற்றுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கு ஈடே கிடையாது. ஜில்லிட்ட கை எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகமும் காட்டாது. ஆனால் ஒரு மாணவியின் போஸ்டிங் வாரங்களில் இப்படி ஒரு நோயாளி வருவார் என்று யார் உறுதி சொல்வது? வந்தாலும் அந்த அவசரத்தில் மாணவியை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவோம்.

நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்தைத் தொடங்கும் முறையைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் மருத்துவப் படிப்பில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கான என்கிளெக்ஸ் தேர்விலும் 2023 ஏப்ரல் முதல், ஒரே நோயாளியைத் தொடர்ந்து ஆறு கேள்விகள் கேட்கும் கேஸ்கள் வந்துவிட்டன. நம் ஊர்ப் பிள்ளைகளும் நிறைய பேர் எழுதும் தேர்வு அது. ஆனால் அதற்காகத்தான் இது வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நம் வார்டு நோயாளிக்கு வேண்டாமா?

ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, மார்க் போடாதீர்கள். மார்க் என்று வந்தால் அடுத்த வருடமே இந்தப் புத்தகத்துக்கும் ஒரு சீனியர் நோட்டு முளைத்துவிடும். அதற்குப் பதில் நாலைந்து பேராக உட்கார வைத்து, யார் ஏன் அப்படி எழுதினார்கள் என்று பேச விடுங்கள். தவறாக எழுதியவர் அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதக் கூடாது; பழையது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதியது வரட்டும். இரண்டாவது, கேஸ்களை நீங்களே எழுதுங்கள். பெயர், ஊர், ஆஸ்பத்திரியில் சேரும்போது தரும் ஐ.பி. எண் என்று ஆளை அடையாளம் காட்டுவது எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் நோயாளி பேசுவது நம் வார்டில் பேசுகிற மாதிரியே இருக்கட்டும்.

முதல் கேஸாக டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் செப்டம்பரிலேயே. வடகிழக்குப் பருவமழை தொடங்கி காய்ச்சல் வார்டு நிரம்பிய பிறகு யாருக்கும் உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது.

நன்றி, வணக்கம்.