ஐ.டி.ஐ. பட்டறை மாலையிலும் திறந்திருக்க வேண்டும்

(ராயபுரத்தில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு இடையிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, இனிய வரவேற்புரை நிகழ்த்திய நூலகர் அம்மையார் அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வியாபாரிகள் சங்கச் செயலாளர் அவர்களே, காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் விசைப்படகு உரிமையாளர்களே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தொழிற்சங்க மூத்த தோழர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்தீர்கள், அதற்குத் தனி நன்றி. கூட்டம் முடியும்வரை இருப்பதாக மாமன்ற உறுப்பினர் அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள். அவரிடம் வைக்க ஒரு கோரிக்கை இருக்கிறது.

பின்தங்கிய பகுதிகளில் புத்தாக்கத்தை, அதாவது புதிய பொருளும் புதிய செய்முறையும் உருவாக்குவதை, வளர்ப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்கிறேன்: ஐரோப்பாவின் அனுபவம், வடசென்னையின் பலம், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான நிதி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கணக்கு உண்டு. தலைக்கு வரும் உற்பத்தி மதிப்பு ஒன்றியத்தின் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளர்ச்சி குறைந்த பகுதி. அங்கே கூடுதல் நிதி போகிறது. ஆனால் 2002-இல் ஆய்வாளர்கள் மூவர் ஒரு முரணை எடுத்துக் காட்டினார்கள். எந்தப் பகுதிக்குப் புத்தாக்க நிதி அதிகம் தேவையோ, அந்தப் பகுதியால்தான் அதை வாங்கிப் பயன்படுத்த முடிவதில்லை. விண்ணப்பம் எழுத ஆளில்லை, ஆய்வகம் இல்லை, தொழில் செய்பவரும் கல்லூரிக்காரரும் சந்திக்க இடமில்லை. இதை உணர்ந்துதான் 2014-இல் தொடங்கிய ஏழாண்டுத் திட்டத்தில் ஒரு நிபந்தனை போட்டார்கள். அரசும் பல்கலைக்கழகமும் தொழில்முனைவோரும் ஊர் மக்களும் உட்கார்ந்து பேசி, தங்கள் மண்ணுக்கு எது கைவரும் என்று எழுதித் தந்தால்தான் புத்தாக்கத்துக்கான பணம். கிராமப்புறங்களுக்கோ, வளர்ச்சிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஊராரே கூடி முடிவு செய்யும் உள்ளூர்ச் செயற்குழு என்ற ஏற்பாடு 1991 முதலே இருக்கிறது. 2014-இல் தொடங்கிய அந்த ஏழாண்டுகளில் அதற்கு இருந்த விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அரசு அமைப்புகளோ வேறு எந்தத் தரப்போ குழுவின் வாக்குகளில் 49 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது அந்த விதி.

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். வடசென்னை கொல்லன் தெரு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் இந்த ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918-இல் பெரம்பூரில் எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப்.தான் 2018-இல் முதல் வந்தே பாரத் ரயிலைக் கட்டி அனுப்பியது. இத்தனையும் செய்த கைகள் இங்கே இருக்கின்றன. ஆனால் 2000-இல் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது தென்சென்னையின் தரமணிக்கு. ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவும் அங்கேதான். நமக்கு வந்தவை சாம்பலும் புகையும் கொடுங்கையூர்க் குப்பை மேடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியபோது, எண்ணூர் மீனவர்கள் படகில் போய் அதைக் கையால் அள்ளினார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். அப்பா மில் தொழிலாளி, 1996-இல் மில் மூடியதும் வீட்டோடு முடங்கியவர். மகன் எட்டாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தார். விசைப்படகுக்காரர்களுக்கு நான் சொல்ல வருவது தெரியும். கடலில் மிதக்கும் கிழிந்த வலையும் நைலான் கயிறும் படகின் விசிறித் தண்டில் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் திணறி நின்றுவிடும். பிறகு ஓர் ஆள் இடுப்பில் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்கி, அலை படகைத் தூக்கிப் போடும்போது அதன் அடியில் கிடந்து அறுக்க வேண்டும். அப்படி இறங்கிய மைத்துனருக்குத் தோளெலும்பு நொறுங்கியது. அன்று இரவு இவர் பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு வளையம் வரைந்தார். விசிறிக்கு முன்னால் தண்டில் மாட்டும் வளையம், விளிம்பில் பல்போன்ற கத்திகள். கயிறு சுற்ற வந்தாலே அறுந்து விழும். பழைய துருப்பிடிக்காத எஃகில் கடைந்து மாட்டினார். வேலை செய்தது. ஆனால் சில வாரங்களில் பல் மழுங்கியது.

உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். திட்ட அறிக்கை கேட்டார்கள், அதுவும் ஆங்கிலத்தில். மூன்றாண்டு வரவு செலவுக் கணக்கு கேட்டார்கள். கணினி வரைபடம் கேட்டார்கள். "ஐயா, வரைபடம் என் பட்டறைத் தரையில் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார். எவரும் வரவில்லை. வளையம் பல மாதங்கள் ஆணியில் தொங்கியது.

பிறகு ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் ஐ.சி.எஃப்.-இல் ஓய்வு பெற்ற ஃபோர்மேன். பேச்சோடு பேச்சாக இவர் வளையத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டெம்பர் போட்டீர்களா?" இரண்டு தெரு தள்ளி வீடு! இத்தனை காலம் ஒருவருக்கொருவர் தெரியாது. மறுநாளே பட்டறைக்கு வந்து, எந்த நிறம் வரும்வரை சூடேற்ற வேண்டும், எந்த எண்ணெயில் முக்க வேண்டும் என்று நின்று சொல்லிக் கொடுத்தார். எஃகையும் மாற்றச் சொன்னார். எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் மாணவி கணினியில் வரைந்து தந்தாள். அந்த வளையம் மாட்டிய படகுகள் இன்று துறைமுகத்தில் நிற்கின்றன. உரிமையாளர்கள் சிலர் இங்கேயே தலையாட்டுகிறார்கள். அந்த மூவரும் ஒன்று சேர்ந்தது ஒரு சாப்பாட்டுப் பந்தியின் தயவால். சந்திக்காமலே போனவர்கள் எத்தனை பேர்? இதுதான் என் ஆதங்கம்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கத் திட்டம் வேண்டாம், கொல்லர்கள் கூடும் கூரை ஒன்று வேண்டும். அந்தக் கூரை ஏற்கெனவே இருக்கிறது. மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களை, அதாவது தொழிற்பயிற்சி நிலையங்களை, ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கும் திட்டம் வந்து, ரோபோக்களும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் இறங்கியிருக்கின்றன. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பயிற்சி நேரம் முடிந்ததும் பட்டறைக்குப் பூட்டு விழுகிறது. நம் லேத்துக்காரர் வேலை முடித்துக் கை கழுவுவதும் அதே நேரம்தான். வடசென்னையின் ஐ.டி.ஐ. பட்டறைகளை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஊர்த் தொழிலாளிகளுக்குத் திறந்துவிடுங்கள். ஓய்வு பெற்ற ஃபோர்மேன்களுக்கு மதிப்பூதியம் தந்து உட்கார வையுங்கள். பொறுப்பை ஒரு குழு ஏற்கட்டும். அதில் மீனவர், பட்டறைக்காரர், ஆசிரியர், மாநகராட்சி எல்லாரும் இருக்கட்டும், யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு வேண்டாம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார்கள். மகளிர் குழு நிதியை இன்னொரு மேடையில் விரிவாகப் பேசுகிறேன், தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, 2022-இல் வகுத்த விதிகளின்படி வார்டு குழுவும், பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் நமக்கு உண்டு. அடுத்த பகுதி சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வையுங்கள். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கு அனுப்பும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திடுகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கைத்தொழிலையும் எழுதுங்கள். வெல்டர் என்றால் வெல்டர், வலை பின்னுபவர் என்றால் வலை பின்னுபவர். எந்தெந்த வேலை தெரிந்தவர்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள் என்று துறைக்குத் தெரிய வேண்டும். நன்றி, வணக்கம்.