யோசேப்பின் கதையில் நீங்கள் யார்?

பிரியமானவர்களே, வேதாகமத்தில் வரும் யோசேப்பின் கதையை எத்தனையோ தடவை கேட்டிருப்போம். கேட்கும்போதெல்லாம் நாம் எல்லோருமே யோசேப்பாகிவிடுகிறோம். கூடப்பிறந்தவர்கள் பொறாமையில் என்னைக் குழியில் தள்ளினார்கள், கடவுள் என்னை உயர்த்துவார், ஒருநாள் அவர்களே என் முன்னால் வந்து நிற்பார்கள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். அதில் ஆறுதல் கிடைக்கிறது, சரி. ஆனால் அந்த வீட்டில் 4 தாய்மாருக்குப் பிறந்த 12 ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்தில் யார் நின்று பார்ப்பது?

முதலில் அப்பாவைப் பாருங்கள். யாக்கோபு வளர்ந்த வீட்டில் தகப்பன் ஈசாக்குக்கு மூத்தவன் ஏசாவைப் பிடிக்கும், தாய் ரெபெக்காளுக்கு யாக்கோபைப் பிடிக்கும். அந்தப் பாரபட்சத்தில்தான் அவர் வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கைகளில் போர்த்திக்கொண்டு, கண் மங்கிப்போன தகப்பனை ஏமாற்றி, அப்புறம் அண்ணனுக்குப் பயந்து வீட்டைவிட்டே ஓடினார். இவ்வளவும் பட்ட மனிதர், தன் பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து போடுகிறார்! கடைசியில் அதே அங்கியை வெள்ளாட்டு ரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து பிள்ளைகள் அவரை ஏமாற்றுகிறார்கள். நாம் யாரும் அங்கி தைப்பதில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் ஒரு பிள்ளையின் மார்க்கையும் திறமையையும் பற்றி நிறுத்தாமல் பேசிவிட்டு, பக்கத்தில் நிற்கும் மற்றவனை "இவன் சின்னவன்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், அவன் மெதுவாக உள்ளே போய்விடுவதைக்கூடக் கவனிப்பதில்லை.

அடுத்து யோசேப்பின் அண்ணன்களில் ஒருவரான யூதா. என் மனதை மிகவும் தொடுகிறவர் இவர்தான். யோசேப்பைக் கொல்ல வேண்டாம், விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர் இவர். 20 வெள்ளிக்காசுக்குத் தம்பி போனான். வருஷங்கள் கழித்து, பஞ்சத்தில் தானியம் வாங்க சகோதரர்கள் போன எகிப்தில், கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்படுகிறது, அவன் அடிமையாக இங்கேயே இருக்கட்டும் என்கிறார் அதிபதி. அந்த அதிபதிதான் யோசேப்பு, அண்ணன்மாருக்கு அது தெரியாது. அப்போது யூதா முன்னால் வந்து பேசுகிறார், வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 44-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்" என்று அப்பா சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்கிறார். இரண்டு பிள்ளைகள் என்றால் ராகேல் என்ற மனைவி பெற்ற யோசேப்பும் பென்யமீனும். யூதா இன்னொரு மனைவியான லேயாளின் மகன்! அப்பா வாயில் 'என் மனைவி' என்றால் அது தன் அம்மா இல்லை என்பதைக் காதாரக் கேட்டவர், அதைச் சொல்லிக்கொண்டே, அந்தச் செல்லப்பிள்ளைக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று நிற்கிறார். அப்பா மாறவில்லை. பாரபட்சமும் போகவில்லை. மாறியவர் யூதா மட்டும்தான், அதைக் கேட்டபிறகுதான் யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியாமல் அழுகை வெடிக்கிறது. அப்பா அம்மா நியாயமாக நடக்கட்டும், அப்புறம் நான் தம்பியோடு பேசுகிறேன் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்களே, தயவுசெய்து யூதாவைப் பாருங்கள்.

அழுது கட்டிப்பிடித்ததோடு கதை முடிந்ததாக நினைக்கிறோம். இல்லை. யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் உயிரோடு இருந்தார். அவர் கண்மூடியதும் அண்ணன்மார் நடுங்குகிறார்கள்: இனி இவன் பழிவாங்குவானோ? இத்தனை வருஷம் தம்பியின் ஆதரவில் வாழ்ந்தும் அந்தப் பயம் போகவில்லை. அதைக் கேள்விப்பட்டு யோசேப்பு அழுதார். அன்றைக்கே மன்னித்துவிட்டேனே, எத்தனை தடவை சொல்வது என்று அவர் கேட்கவில்லை. பயப்படாதிருங்கள், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நான் பராமரிப்பேன் என்று மறுபடியும் சொன்னார். உங்கள் வீட்டுப் பழைய சண்டை தீர்ந்துபோனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். எதிரில் இருப்பவரும் அப்படித்தான் நினைக்கிறாரா என்று, பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.