அம்மா விட்டுப்போன 31 தொட்டிகள்

(காட்சி: மொட்டை மாடி. காய்ந்துபோன ஒரு மல்லிகைத் தொட்டி. இசை வேண்டாம், தெருச் சத்தம் மட்டும்.)

வணக்கம். இந்தத் தொட்டியைப் பாருங்கள். குண்டுமல்லி. போன வருடம் வைகாசியில் எடுத்த படம். இலையைத் தொட்டால் நொறுங்கும். மதுரை வெயிலில் 16 நாள் இதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. தினமும் ஊற்றிக்கொண்டிருந்தவர் என் அம்மா. அவருடைய 16ஆம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, காயப்போட்ட ஜமுக்காளத்தை எடுக்க மாடிக்குப் போனேன். அப்போதுதான் இதையெல்லாம் பார்த்தேன். மொத்தம் 31 தொட்டிகள்.

எனக்குச் செடி பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். துக்கத்தில் இருப்பவருக்குச் செடி வேலை ஏன் கொஞ்சம் கை கொடுக்கிறது என்பது ஒன்று. இறந்தவர் விட்டுப்போன செடியை எப்படிப் பிழைக்க வைப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் பார்க்கிற யாரோ ஒருவர் வீட்டு மாடியில் இப்போது ஒரு செடி வாடிக்கொண்டிருக்கலாம்.

(காட்சி: நகத்தால் தண்டைச் சுரண்டும் கை.)

முதலில், செடி செத்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அடித்தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். மேலே காய்ந்திருந்தும் அடியில் பச்சையாக இருந்த செடிகள் எனக்கு நிறையக் கிடைத்தன.

அடுத்தது தண்ணீர். நான் செய்த முதல் தப்பு இங்கேதான். குடத்தைத் தூக்கி ஊற்றினேன், எல்லாம் அடி ஓட்டை வழியாக ஓடிவிட்டது. மண்ணும் தென்னை நார்க்கழிவும் ஒரேயடியாகக் காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கிப்போகும், வேருக்குச் சேராது. அதனால் தொட்டியை அப்படியே ஒரு பெரிய வாளியில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை மூழ்கும்படி வையுங்கள். குமிழி வரும். குமிழி நிற்கும் வரை விட்டுவிட்டு, எடுத்து வடியவிட்டு, நிழலில் வையுங்கள். காய்ந்த குச்சிகளை மட்டும் வெட்டுங்கள். உரம் வேண்டாம். சோர்ந்து கிடப்பவருக்கு யாராவது பிரியாணி ஊட்டுவார்களா?

பிறகு இன்னொரு தப்பு செய்தேன். பயத்தில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஊற்றினேன். துக்க வீட்டில் இப்படி இரண்டு வகைக் கைகளைப் பார்க்கலாம். ஒன்று, தண்ணீர் ஊற்ற மறந்துபோகும் கை. இன்னொன்று, ஊற்றிக்கொண்டே இருக்கும் கை. இரண்டாவது கையால்தான் அதிகச் செடிகள் சாகும் என்று நினைக்கிறேன், வேர் அழுகிவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் 31இல் 9 தொட்டி போய்விட்டன. கருவேப்பிலை, இரண்டு ரோஜா, ஒரு செம்பருத்தி, பெயர் தெரியாத சில. அந்தக் கருவேப்பிலையைப் பிடுங்கிப் போட்ட அன்று, காரியத்தன்று வராத அழுகை வந்தது. செடியில் அம்மாவின் கை பட்டிருக்கிறது, அதனால் ஒவ்வொன்று போகும்போதும் அவரே மறுபடி போகிற மாதிரி இருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மல்லி பிழைத்துக்கொண்டது. ஆடி பிறப்பதற்கு முன்பே ஒரு கிளையில் நான்கு மொட்டு. நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை, எரிச்சல்தான் வந்தது. பறிக்க ஆள் இல்லை, கட்ட ஆள் இல்லை, உனக்கு என்ன பூப்பு வேண்டிக்கிடக்கிறது?

(காட்சி: முல்லைக் கொடி. திரையில் ஒரு வரி மட்டும்: 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?')

இந்தக் கோபம் நம் மொழியில் மிகப் பழையது. புறநானூற்றில் 242ஆம் பாட்டு. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது. இளைஞர்கள் சூட மாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்ய மாட்டார்கள், பாணன் சூட மாட்டான், பாடினி அணிய மாட்டாள், சாத்தன் மாய்ந்த பிறகு ஒல்லையூரில் நீயும் பூத்தாயோ முல்லையே என்று கேட்டு முடிகிறது. ஆறே வரி. பள்ளியில் படித்தபோது இதை 'கையறுநிலை, பொதுவியல் திணை' என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். மாடியில் நின்றபோதுதான் அது ஒரு பூவோடு போடுகிற சண்டை என்று புரிந்தது. 'இயற்கை ஆற்றும்' என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. தோட்டம் முதலில் ஆறுதல் தராது. எதுவுமே நடக்காத மாதிரி அது பாட்டுக்கு வளர்ந்து, வயிற்றெரிச்சலைத்தான் கிளப்பும்.

சரி, அப்புறம் எப்படி உதவுகிறது?

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியபோது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசித்தான் எழுதினார். பின்னால்தான் அது இழந்து நிற்பவர்களுக்கான ஏணி மாதிரி ஆகிவிட்டது. நான் எந்தப் படியிலும் வரிசையாக ஏறவில்லை. எனக்குப் பொருந்தியது வேறொரு விளக்கம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் வெளியிட்டது. துக்கத்தில் இருப்பவர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வருகிறார் என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பு: படத்தைப் பார்ப்பது, அழுவது, பழைய புடவையை முகர்வது. மறுபக்கம் அன்றாடம்: பேங்க் கணக்கை முடிப்பது, கேஸ் இணைப்பைப் பெயர் மாற்றுவது, இதுவரை செய்யாத வேலையைக் கற்றுக்கொள்வது. இப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம், துக்கத்திலிருந்து அவ்வப்போது ஓய்வு எடுப்பது துரோகம் இல்லை. இதுதான் அவர்கள் சொல்வதன் சாரம்.

இப்போது தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற வேலையை யோசித்துப் பாருங்கள். அம்மாவின் செடி என்பதால் அது இழப்பின் பக்கம். அசுவினிப் பூச்சி ஒட்டியிருக்கிறதா, மண் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதால் அன்றாடத்தின் பக்கமும்தான். ஒரே வேலையில் ஊஞ்சலின் இரண்டு முனையும் இருக்கின்றன. பேங்க் வேலையில் இது கிடையாது.

உடம்பிலும் ஏதோ நடக்கிறது. 2011இல் நெதர்லாந்திலேயே ஓர் ஆய்வு வந்தது. தோட்டம் வைத்திருக்கும் 30 பேரைக் கூப்பிட்டு, முதலில் மன அழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேர் 30 நிமிடம் தோட்ட வேலை செய்தார்கள், மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் இரு பக்கமும் குறைந்தது, தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. அவர்கள் ஏற்கெனவே தோட்டப் பிரியர்கள், துக்க வீட்டுக்காரர்கள் அல்ல. அதை மறந்துவிட்டு இதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். 'மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியா கவலையைப் போக்கும்' என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு கிளம்பியது எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இருந்து. எலிகளுக்கு நல்லது நடந்தால் சந்தோஷம்தான்.

சாவு வீட்டில் விதைப்பது நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் பக்கம் பால் தெளிக்கும் நாளில், உடலை எரித்த இடத்தைச் சமப்படுத்தி நவதானியம் தூவிப் பால் ஊற்றுவார்கள். நானும் தூவினேன். அப்போது அதைச் சடங்காகத்தான் செய்தேன். கையில் இருந்தது விதை என்றுகூட நினைக்கவில்லை.

(காட்சி: பழைய புகைப்படம். தொட்டிகள் நடுவே ஒரு பெண்ணின் முதுகு மட்டும் தெரிகிறது.)

இதற்கிடையில் அம்மாவைப் பற்றி ஒன்று புரிந்தது. அம்மா போவதற்கு எட்டு வருடம் முன்பு அப்பா இறந்தார். அதற்கு முன்னால் எங்கள் மாடியில் ஒரு துளசியும் ஒரு கற்றாழையும்தான். தொட்டிகள் பெருகியதெல்லாம் அதற்குப் பிறகு. 'இத்தனை செடி எதுக்கும்மா, முட்டி வலியோட படியேறி இறங்கிக்கிட்டு?' என்று ஒருமுறை கேட்டேன். 'தண்ணி ஊத்தணுமேன்னாவது எந்திரிக்கிறேன்ல' என்றார். முட்டி வலிக்கு ஏதோ சமாதானம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அந்த மல்லியை அவர் விடியும் முன்பே மொட்டாகப் பறித்து, வாழைநாரில் கட்டி, தெருவில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். தான் வைத்துக்கொள்ள மாட்டார். கணவனை இழந்தவர் பூ வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். எனக்கு அந்த வழக்கத்தில் ஒரு துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனால் எட்டு வருடத்தில் ஒரு நாளாவது 'நீங்களும் வெச்சுக்கோங்கம்மா' என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் பூ வளர்த்துக்கொண்டிருந்தால், இந்த வீடியோவை நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரே ஒரு யோசனை. முதல் மாதத்திலேயே நினைவு மரம் என்று மாங்கன்று நடாதீர்கள். அது பட்டுப்போனால் தாங்காது. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தைத் தூவுங்கள். சில நாளில் முளைக்கும், மூன்று வாரம் போல ஆனால் கீரையாகப் பறித்துவிடலாம். தூங்காத இரவுகளுக்குப் பிறகு, மூன்று வாரம் தள்ளி எதிர்பார்க்க ஒன்று இருப்பதே பெரிய விஷயம்.

தோட்டம் போதாத நிலையும் உண்டு. மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் போனால், உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால், ஒரு செடியிடம் அந்த வேலையை விடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

(காட்சி: மண்ணில் புதைத்த கிளை, மேலே ஒரு கல்.)

கடைசியாகப் பதியம். கருவேப்பிலை போன பிறகு மல்லியும் போய்விடுமோ என்ற பயத்தில் செய்தது. தாழ்ந்த கிளை ஒன்றில் கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவி, வளைத்து, பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்து, கிளம்பிவிடாமல் ஒரு கல்லை வைத்தேன். நுனி வெளியே இருக்க வேண்டும். தாய்ச்செடியிலிருந்து வெட்டக் கூடாது, வேர் பிடிக்கும் வரை சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது. ஆவணியில் வைத்தேன், மார்கழியில் வெட்டிப் பிரித்தேன். அக்கா அதைத் திருச்சிக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டாராம்.

தாய்ச்செடியைக் கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசி வாரம், பாதி உயரத்துக்குக் கவாத்து செய்தேன். மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் வெட்டியே ஆக வேண்டும். அன்றைக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்கவே கை வரவில்லை.

இப்போது பங்குனி. இன்று காலை 17 மொட்டு. ஒரு முழத்துக்குக் காணாது. எனக்குக் கட்டவும் வரவில்லை, நாரில் இரண்டு பக்கமும் நழுவி விழுகிறது. எதிர்வீட்டுப் பாப்பா அவிழ்த்து மறுபடி கட்டி, தானே வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். வைகாசியில் முதல் வருடத் திதி, அக்கா வருகிறாள்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டும், நான் மாடிக்குப் போகிறேன்.