கர்ப்பிணிக்கு எதற்குக் குளுக்கோஸ் தண்ணீர்?

திருநெல்வேலி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பல வருஷம் லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ரத்தம் எடுப்பது, பார்ப்பது, ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது, இதுதான் என் தொழில். இன்றைக்கு என்னைப் பேசச் சொல்லியிருப்பது கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்கிற குளுக்கோஸ் டெஸ்ட் பற்றி. டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுப்பார், லேபில் ஒரு டம்ளர் நிறையத் தித்திப்பாக ஒரு தண்ணீரைக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அப்புறம் ரத்தம் எடுப்பார்கள். உங்கள் வீட்டு மகளோ மருமகளோ அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்ததைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அதைக் குடிக்க வேண்டும், ஏன் அந்த இரண்டு மணி நேரம், இதை மட்டும் உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். நாம் இட்லி சாப்பிட்டாலும் சோறு சாப்பிட்டாலும் அது செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகச் சேருகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து அந்தச் சர்க்கரையை உடம்பின் செல்களுக்குள் அனுப்பிவிடும். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சில ஹார்மோன்கள் வருகின்றன, அவை தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. இது நோய் இல்லை, எல்லாக் கர்ப்பிணிக்கும் நடப்பதுதான், பிள்ளைக்குச் சத்து போய்ச் சேர வேண்டும் என்று உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. முக்கால்வாசிப் பேருக்குக் கணையம் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து ஈடு கட்டிவிடும். சிலருக்கு அது முடியாமல் போகும்போது சர்க்கரை ரத்தத்திலேயே நின்றுவிடுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் உள்ளே இருக்கிற பிள்ளை தன்னுடைய கணையத்தை வைத்தே அவ்வளவையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கிறது, பிரசவம் சிரமமாகிறது, பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடவும் கூடும். இவ்வளவும் நடக்கும்போது தாய்க்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, ஒன்றுமே தெரியாது. தெரியாது என்பதால்தான் எல்லாருக்கும் டெஸ்ட் எழுதுகிறார்கள்.

சரி, சுகர் பார்க்கத்தானே, காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாமல் போகும். நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும். கோடையில் வறண்டு கிடக்கிற கன்னடியன் கால்வாயைப் போய்ப் பார்த்தால் கரை நன்றாகத்தான் தெரியும், பாபநாசத்தில் தண்ணீர் திறந்து விட்ட பிறகுதானே எந்த இடம் தாங்காது என்று புலப்படும். 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுப்பது அதற்காகத்தான். மூன்று மாதச் சராசரி காட்டுகிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தால் என்ன என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். கர்ப்ப காலத்தில், அதிலும் ரத்தசோகை இருக்கிற பெண்ணுக்கு, அந்தக் கணக்கை நம்பி இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னமும் சொல்வேன்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், தலைப்பிள்ளை, ஆறாம் மாசம். பீடி சுற்றுகிற வீடு. கூடவே மாமியார். நான் குளுக்கோஸை எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை கொஞ்சம் பிழிந்து டம்ளரை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். மாமியார் அந்தப் பொடியின் அளவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, சுகர் இருக்கான்னு பாக்கதுக்குச் சீனியவே கரைச்சுக் குடுக்கியளே, உள்ள இருக்க பிள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன், ஆனால் அன்றைக்குக் கூட்டம், வாசல் வரைக்கும் ஆள் நிற்கிறார்கள், நின்று விளக்க நேரமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ரிசல்ட்ட எழுதிராதீங்க. நான் பாதிதான் குடிச்சேன். மீதிய அத்த தொட்டியில ஊத்திட்டாவ."

எனக்கு அந்தப் பெண்ணின் மேல் வந்த மரியாதை சொல்லி முடியாது. மாமியாருக்கு எதிராக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் உண்மையை மறைக்கவும் இல்லை. அந்த அம்மா மேலும் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் செய்தது பிரியத்தில் செய்தது. இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். அத்தை, ஒரு நேரம் நாம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டாலே இந்த அளவுக்குக் குறையாத சர்க்கரை உடம்புக்குள் போகிறது, இந்த ஒரு டம்ளரால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது, தினமும் மூன்று வேளை ஏறுவது தெரியாமலே இருந்தால்தான் ஆகும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே இன்னொரு நாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், டம்ளரைத் தன் கையால் பிடித்துக் குடிக்க வைத்தார், இரண்டு மணி நேரமும் பக்கத்தை விட்டு நகரவில்லை. அன்றைக்கு வந்த அளவு 168, சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். பாதிக் குளுக்கோஸோடு நான் எழுதிக் கொடுத்திருந்தால் எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாப்பாட்டை மாற்றியதிலேயே அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை, பிள்ளை நல்ல எடையில் பிறந்தது.

இதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், டெஸ்டுக்கு எப்போதும் இருக்கிற மாதிரியே வாருங்கள். நாலு நாளாகச் சோறு தொடாமல் வெறும் கீரையும் மோருமாக இருந்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர், 'ரிசல்ட் நல்லா வரணும்லா' என்பார்கள். ரிசல்ட் நல்லதாக வருவதற்காக நாம் டெஸ்ட் எடுக்கவில்லை, உடம்பு தினசரி எப்படி இருக்கிறதோ அது தெரிவதற்காக எடுக்கிறோம். சொல்லப்போனால் பல நாள் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு வந்து திடீரென்று குளுக்கோஸ் குடித்தால் சர்க்கரை தப்பாகக் கூடுதலாகவும் காட்டலாம், அதனால் பத்தியம் இருந்து ஒரு லாபமும் இல்லை. குடித்த பிறகு உட்காருங்கள். டவுனுக்கு வந்தோம், அப்படியே நெல்லையப்பரைக் கும்பிட்டு ரத வீதி ஒரு சுற்று சுற்றி வளையல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று கிளம்பாதீர்கள். நடந்தால் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அளவு குறைந்து காட்டும். சாமியை டெஸ்ட் முடிந்த பிறகு கும்பிடலாம். வெறும் தண்ணீர் கொஞ்சம் குடித்துக்கொள்ளலாம், காபி டீ வேண்டாம். வாந்தி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி செய்ய வேண்டும், அரை மணி நேரம் தாண்டிவிட்டால் தொடரலாம்.

சாப்பிட்டுவிட்டு வரலாமா, வெறும் வயிற்றிலா? இதற்கு இரண்டு பதில் உண்டு, அதனால்தான் குழப்பம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்கிற முறைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டிருந்தாலும் சரி சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்ப காலச் சர்க்கரை. அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற கர்ப்பிணியைப் பட்டினி போட்டு, போய்விட்டு நாளைக்கு வா என்றால் அவள் வரவே மாட்டாள். அந்த நிலைமை தெரிந்து இந்த எளிய முறையை நம் நாட்டில் நிலைக்க வைத்ததில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைத்தான் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறார்கள். முதல் தடவை செக்கப்புக்கு வரும்போதே ஒரு டெஸ்ட், அது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒன்று. முதல் தடவை நன்றாக இருந்ததே என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், நஞ்சுக்கொடியின் ஹார்மோன் ஏறுகிற காலம் அதுதான்.

சில ஆஸ்பத்திரிகளில் இரவு முழுக்கப் பட்டினி இருந்து வரச் சொல்லி மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். அங்கே அளவு வேறு: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153, இதில் எந்த ஒன்றைத் தொட்டாலும் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். 2008-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 9 நாடுகளில் 25,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு இப்படிச் செய்து பார்த்ததில், தாயின் சர்க்கரை ஏற ஏறப் பிள்ளையின் எடையும் ஏறிக்கொண்டே போனது, இதற்குக் கீழே பயமில்லை என்று ஒரு கோடு போட முடியவில்லை. அந்த ஆய்வை வைத்து வகுத்த அளவுகள்தான் இவை. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 145-க்கு ஒன்றுமில்லை என்றார்கள், எனக்கு மட்டும் சுகர் என்கிறார்கள் என்று மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், எந்த முறையில் எடுத்தது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

லேபுக்காரியாக இன்னொன்று சொல்லிவிடுகிறேன். எடுத்த ரத்தம் குழாயில் இருக்கும்போதும் அதிலுள்ள செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கிற மருந்து உள்ள, சாம்பல் நிற மூடி போட்ட குழாய் சர்க்கரைக்கென்றே இருக்கிறது. தூரத்து லேபுக்கு ரத்தம் போகிறது என்றால் எதில் எடுக்கிறார்கள் என்று தயங்காமல் கேட்கலாம்.

அப்புறம் கருப்பட்டி. சீனியை விட்டுவிட்டேன், உடன்குடிக் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி மட்டும்தான் சாப்பிடுகிறேன் என்பார்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், ரத்தத்தில் அதுவும் ஏறத்தான் செய்யும். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு களியை உளுந்துக்காகச் சாப்பிடுங்கள், கருப்பட்டியை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு மாற்றி இரண்டு வாரம் பார்ப்பார்கள், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

நேரம் நெருங்கிவிட்டது என்று உள்ளே இருந்து சைகை காட்டுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு உள்ளதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், அதோடு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வர வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 6 வாரத்தில் இதே 75 கிராம் டெஸ்டை வெறும் வயிற்றில் வந்து மறுபடி எடுக்க வேண்டும். 2 மணி நேரத்து அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது, 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், நடுவில் இருந்தால் இப்போதே கவனித்துத் தள்ளிப்போடலாம். பிள்ளைக்கு ஒன்றரை மாச ஊசி போடுவதும் அதே 6 வாரத்தில்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கே, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், எனக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். கூடப் போகிற அம்மாவோ அத்தையோ ஞாபகப்படுத்துங்கள், அவளுக்கு அன்றைக்குப் பிள்ளை அழுகிற கவலைதான் இருக்கும். வணக்கம்.