மங்கிய இறக்கையிலும் மாறாத புள்ளிகள்

அவையோருக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, புல்தரை பழுக்கத் தொடங்கும் நாட்களில் வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் பலர் கேமராவை உறையில் போட்டுவிடுகிறார்கள். பெரிய பூச்சிகளின் வரத்து குறைந்துவிடுவது உண்மைதான். ஆனால் இறக்கையை முழுவதும் விரித்தாலும் சுமார் 2 சென்டிமீட்டரே இருக்கும் சின்னஞ்சிறு நீலன்கள், வெட்டுக்காயப் பூண்டின் பூக்களில் அப்போதும் தேன் குடித்துக்கொண்டிருக்கும். அவற்றை இனம் பிரித்தறிவது குறித்தே பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பருவத்தில் நிறத்தை நம்ப முடியாது. செதில்கள் உதிர உதிர ஆணின் நீலம் சாம்பலாகிவிடும்; கிராம் புளூ என்னும் நீலனின் மயிரிழை போன்ற வால் ஒடிந்துபோனால், அதை வாலில்லாத வேறோர் இனமென்று எழுதிவிடுவோம். புதிதாகக் கூட்டுப்புழுவிலிருந்து வந்தவையும் வறட்சிக்கால வடிவம் கொண்டிருந்தால் அவற்றின் அடிப்புறக் குறிகள் வெளிறியே இருக்கும். ஆனால் புள்ளி மங்கினாலும் அது அமைந்த இடம் மாறுவதில்லை. ஆகவே மூடிய இறக்கையின் அடிப்புறத்தைத்தான் நாம் படிக்க வேண்டும்.

முதலில் முன் இறக்கையின் உள்ளறையை, அதாவது இறக்கையின் அடியிலிருந்து நடுப்பகுதி வரை நரம்புகளால் சூழப்பட்ட பரப்பைப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு புள்ளி இருந்தால் அது, கிராஸ் புளூ எனப்படும் புல்வெளி நீலன்களில் டார்க் கிராஸ் புளூவாகவோ பேல் கிராஸ் புளூவாகவோ இருக்கலாம். உள்ளறை வெறுமையாக இருந்து, முன் இறக்கையின் மேல் விளிம்பை ஒட்டிச் சிறு புள்ளிகள் தென்பட்டால் அது டைனி கிராஸ் புளூ. உள்ளறையிலும் விளிம்பிலும் எதுவுமில்லாமல், பின் இறக்கையில் வளைந்து செல்லும் புள்ளி வரிசையில் மேலிருந்து இரண்டாவது மட்டும் உட்புறமாக ஒதுங்கி வரிசை முறிந்திருந்தால் லெஸ்ஸர் கிராஸ் புளூ. என் கருத்தில் இந்த ஒரு முறிவைக் காணக் கண் பழகிவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னொரு சிறு நீலனான கிராஸ் ஜுவல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின் இறக்கையின் ஓரத்தில் ஆரஞ்சு வளையத்துக்குள் மின்னும் கரும்புள்ளிகளே அதைக் காட்டிக்கொடுக்கும்.

இக்குறிகள் படத்தில் தெளிவாக விழ வேண்டுமானால், கேமராவின் முகம் இறக்கையின் பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும். சிறு பொருள்களை மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸில் இவ்வளவு நெருங்கும்போது, லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 அளவில் வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால், சற்றே சாய்ந்தாலும் கண் தெளிந்து இறக்கையின் ஓரம் கலங்கிவிடும். பனி உலராத காலையில் பூச்சி சோம்பியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் மண்ணில் முழங்கையை ஊன்றி, நம் நிழல் அதன்மேல் விழாமல் மெல்ல நெருங்கலாம். நெருங்குமுன் தொலைவிலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள், பறந்துவிட்டாலும் அது சான்றாக நிற்கும். பூச்சியைப் பிடித்துக் குளிரூட்டி அசையாமல் வைத்துப் படமெடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அது முட்டையிடும் செடியையும் சேர்த்துப் படமெடுங்கள். புளியாரையில் முட்டையிட்டால் பேல் கிராஸ் புளூவின் பக்கமும், நெருஞ்சியிலோ குப்பைக்கீரையிலோ முட்டையிட்டால் டார்க் கிராஸ் புளூவின் பக்கமும் ஐயம் சாயும். அதன் பிறகும் தெளியாவிட்டால் "கிராஸ் புளூ, இனம் உறுதியில்லை" என்றே தேதியோடும் இடத்தோடும் பதிவு செய்யுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அந்தப் பதிவே பின்னால் ஆராய்பவருக்குப் பயன்படும்.