அண்ணனுக்கும் அப்படித்தான் ஆனது
(தருமபுரியில் கிராமச் சுகாதாரச் செவிலியர்களிடையே மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செவிலியர் சகோதரிகளே, பெரியவர்களே!

ஹெர்மன் லேமன் என்ற விஞ்ஞானியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவளுக்கு அவசர சிசேரியன். தொண்டையில் குழாய் பொருத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் போட்டேன். சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கி மூச்சு தானே திரும்பிவிடும். குழந்தை அழுதது, தையலும் முடிந்தது. தாய் மட்டும் மூச்சு விடவில்லை. 4 மணி நேரம் நானும் ஒரு செவிலியரும் மாறி மாறிப் பையை அழுத்தி அவளுக்கு மூச்சுக் கொடுத்தோம். பிழைத்துவிட்டாள். வெளியே காத்திருந்த அத்தையிடம் சொன்னபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அவள் அண்ணனுக்கும் குடல்வால் ஆபரேஷனில் இப்படித்தான் ஆனது, டாக்டரம்மா. நீங்கள் கேட்கவில்லையே."

ஆம், நான் கேட்கவில்லை. அந்த வார்த்தை இன்றும் என்னை விடவில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்ற இந்தக் கேள்வியைத்தான் லேமன் கேட்டார். 1910இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில் அங்கே இருக்க முடியாமல் இங்கிலாந்துக்குப் போனார். போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராக இந்தியாவுக்கும் வந்தார். சக்சமெத்தோனியம் போட்டபின் மூச்சு திரும்பத் தாமதித்தவர்களின் உறவினர்களுடைய ரத்தத்தையும் சோதித்து, 1956இல் ரையான் என்பவருடன் சேர்ந்து எழுதினார்: அந்த மருந்தைச் சிதைக்கும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி சில குடும்பங்களில் பரம்பரையாகவே குறைவாக இருக்கிறது. ஈரலில் உருவாகி ரத்தத்தில் ஓடும் நொதி அது. குறை இருப்பவர் அன்றாட வாழ்வில் ஆரோக்கியமாகவே இருப்பார். ஆபரேஷன் மேசையில்தான் அது வெளிப்படும்.

ஆரிய வைசியர் என்ற வணிகச் சமூகத்தில் இந்த நொதிக் குறை மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது யாருடைய குற்றமும் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் எந்தக் கூட்டத்திலும் ஏதாவது ஒரு குறை இப்படிச் சேர்ந்துகொள்ளும். பாலக்கோட்டுப் பெண்ணின் தாயும் தன் தாய்மாமனையே மணந்தவர்.

அதே லேமன்தான் 1952இல், மேரி கட்புஷ் என்பவருடன், நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறை இருப்பதை உலகுக்குச் சொன்னார். அதுவரை அதைப் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சத்தாரின் நோயாகவே கருதினார்கள். ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் ஒன்று மாறினால் போதும், ரத்த அணு அரிவாள்போல் வளைந்துவிடும். மாறிய மரபணு தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அது ஒற்றைப் பிரதி, இருவரிடமிருந்தும் வந்தால் இரட்டைப் பிரதி. ஒற்றைப் பிரதி மலேரியாவிலிருந்து காக்கும். இரட்டைப் பிரதி உயிரை வதைக்கும். தாய் தந்தை இருவரும் ஒற்றைப் பிரதியைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்த இரட்டைப் பிரதி வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத தலசீமியா என்ற பரம்பரை நோயிலும் கணக்கு இதுதான்.

சோகை என்று ஒரு தாய் வந்தால் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறோம். அது சரிதான். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாவிட்டால்? பேச்சை அங்கே நிறுத்தாதீர்கள். அவள் பிறந்த வீட்டில் யாருக்காவது அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறார்களா, சொந்தத்தில் கட்டிக்கொடுத்தார்களா, மஞ்சள் காமாலை திரும்பத் திரும்ப வந்ததா, மயக்க மருந்துக்குப் பின் கண்விழிக்கவோ மூச்சுவிடவோ தாமதம் ஆனதா என்று விசாரியுங்கள். பதில் பாட்டியிடமோ அத்தையிடமோ இருக்கும். அதைக் கர்ப்பிணி அட்டையில் எழுதுங்கள்.

அந்தப் பெண்ணின் ரத்தத்தைச் சோதித்ததில் நொதி மிகக் குறைவாக இருந்தது. இந்த மருந்தைப் போடக்கூடாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பல ஆண்டுகள் கழித்து, அன்று பிறந்த மகளுக்கு ஆபரேஷன் என்று அழைத்து வந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே, ரேஷன் அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.